சார்ட்டரில் வராத தோசை

உக்காருங்க சார், உக்காருங்க. மொதலாளி லைன்ல ஒரு ரவுண்டு போயிருக்காரு, வர முக்கா மணி நேரமாவுங்க. ஃபேன் போதுங்களா? காப்பி சொல்லியாச்சு. நீங்க அண்ணாந்து பாக்கறீங்களே, அதேதானுங்க அது. அதைப் பாக்கத்தானே பம்பு கம்பெனியில இருந்து இத்தனை தூரம் வந்திருக்கீங்க. புராஜெக்ட் சார்ட்டர், வெர்சன் பதினேழு. கண்ணாடி ஃபிரேம் மொதலாளியே கடைக்குப் போயிப் போட்டுக்கிட்டு வந்தாரு. கீழ எடது பக்கம் லீடர்னு ஒரு கையெழுத்து இருக்குது பாருங்க, குழந்தைவேலுன்னு. அது நானுங்க.

கிட்டப் போயிப் படிக்க வேண்டாமுங்க, எழுத்துப் பொடிசா இருக்கும். நானே சொல்லிர்றேன். எழுதுனவன் வாயால கேட்டுக்கிட்டீங்கன்னா உங்க கம்பெனியில பதினேழு வரைக்கும் போக வேண்டியதில்லை, பத்துலயே முடிச்சுக்கலாம்.

நாங்க பண்றது ஓட்டல் கிரைண்டருங்க. பத்து லிட்டர், சாய்ச்சு மாவு வழிக்கற மாடல். பாலக்காட்டுல இருந்து நாகர்கோயில் வரைக்கும் நம்ம கல்லுதான் சுத்துது. போன வைகாசியில ஒரு பெரிய டீலர் கழண்டுக்கிட்டாரு. ஆர்டர் போட்டா சரக்கு வர ஒம்பது நாளாவுது, பக்கத்துக் கம்பெனியில அஞ்சு நாள்ல வருதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு போனதைப் பாத்து இன்னும் ரெண்டு பேரு போறதா பேச்சு. மொதலாளி விஜயராகவன் கோவம் வந்தாக் கத்த மாட்டாருங்க. பேனா மூடியத் தொறப்பாரு, மூடுவாரு, தொறப்பாரு, மூடுவாரு. அந்த வாரம் பூராம் அந்தச் சத்தம்தான்.

அப்பறம் ஓசூர்ல இருந்து ஒரு அம்மிணியக் கூட்டிக்கிட்டு வந்தாரு. நஸ்ரின்னு பேரு. முப்பது வயசு இருக்கும். கம்பெனி கம்பெனியாப் போயி எங்கெங்க வேலை வீணா நிக்குதுன்னு கண்டுபுடிச்சுச் சரி பண்றதுதான் அதுக்கு வேலை. அந்த முறைக்கு ‘லீன்’னு இங்கிலீசுல பேரு வெச்சிருக்காங்க. நான்கூட வந்ததும் வராததுமா மிசினை நகத்தச் சொல்லும்னு நெனச்சேன். இல்லீங்க. ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்துக் கட்டம் கட்டமாக் கோடு போட்டுச்சு. “மொதல்ல சார்ட்டர். ஒரே பக்கம். பிரச்சினை என்ன, எது வரைக்கும் கொண்டு போறோம், எதைத் தொடறோம், எதைத் தொடலை, யார் யார் பண்றோம். இது எழுதாம ஒரு ஸ்குரூவக்கூடக் கழட்ட வேண்டாம்”னு சொல்லுச்சு.

லீடர் யாருன்னு மொதலாளி கேட்டாரு. மீட்டிங்குல எத்தனை பேரு இருந்தாங்களோ அத்தனை பேரும் என்னையத்தான் பாத்தாங்க. டிஸ்பாட்ச்சு பாக்கற ஸ்டீபன் எந்திரிச்சு, “சார், எங்க சரக்கு பூராம் குழந்தைவேலு அண்ணங்கிட்டத்தான் நிக்குது. அண்ணனே லீடரா இருந்தாச் சீக்கிரம் முடிஞ்சிரும்”னாப்டி. மனசு குளுந்து போச்சுங்க எனக்கு. அந்த மரியாதை எல்லாருக்கும் கெடைக்குமா?

என்ற வேலை என்னன்னு சொல்லலை பாருங்க. டெஸ்டிங். கடைசி டெஸ்டிங். கரண்டு, சூடு, சத்தம், ஓட்டம் எல்லாம் அசெம்பிளி முடியற எடத்துலயே மிசின் வெச்சுப் பாத்துருவாங்க. அது ஒரு டெஸ்டுங்களா? கிரைண்டர் எதுக்கு? மாவாட்டறதுக்கு. அப்ப மாவாட்டித்தானே பாக்கோணும். லாட்டுக்கு முப்பது கிரைண்டர். அதுல ரெண்டை எடுத்துக்குவேன். காலையில எட்டு மணிக்கு அரிசி உளுந்து ஊறப் போட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டி, ஒத்தை வெரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்து, சரின்னு தலையாட்டுனா லாட்டு பாஸு. நான் தலையாட்டாம இந்தக் கேட்டத் தாண்டி ஒரு கிரைண்டர் போனதில்லீங்க. பத்தொம்பது வருசம். நான் எத்தனை ஃபெயில் பண்ணியிருப்பேன்னு நெனைக்கறீங்க? ஒண்ணு கூட இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு கூட இல்லை. அந்த மாதிரித் தரம்.

ஆட்டுன மாவைக் கொட்டவா முடியும்? கேன்டீனுக்குப் போயிரும். கேன்டீன்ல தெய்வானைன்னு ஒரு அம்மா. அடுத்த நாள் காலையில தோசை வார்க்கும். நூத்தி நாப்பது பேருக்கு, ஆளுக்கு ரெண்டு. புதங்கெழமையும் சனிக்கெழமையும் தோசை, மத்த நாலு நாளும் கோதுமை ரவை உப்புமா. அந்த உப்புமாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பலீங்க. தெய்வானை நல்ல பொம்பளை. ஆனா அந்த ரெண்டு நாள் இல்லீன்னா இந்தக் கம்பெனியில பாதிப் பேரு வேற வேலை தேடிப் போயிருப்பாங்க.

சரி, சார்ட்டருக்கு வர்றேன். மொதக் கட்டம், பிரச்சினை. நான் ஒரே நிமிசத்துல எழுதிட்டனுங்க. ‘லாரி போதவில்லை, ஒரு லாரி வாங்க வேண்டும்.’ அம்மிணி படிச்சுப் பாத்து, “அண்ணா, இது தீர்வு. நான் பிரச்சினையக் கேட்டேன்”னு அடிச்சிருச்சு. சரின்னு ரெண்டாவது எழுதுனேன். ‘ஸ்டீபன் நேரத்துக்குப் பில் போடுவதில்லை.’ அதையும் அடிச்சிருச்சு. ஆளைக் குத்தம் சொல்லக்கூடாதாம். மூணாவது, ‘அட்டைப்பெட்டி தாமதமாக வருவதால்’னு ஆரம்பிச்சேன், அடுத்த வார்த்தை எழுத விடலை. “காரணம் எழுதக் கூடாதுங்கண்ணா. காரணம் என்னன்னு இன்னும் நமக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே அம்மிணி”னேன்.

“தெரிஞ்சாலும் எழுதக் கூடாது.”

அப்ப என்னத்தத்தான் எழுதறது? ஆர்டர் வந்து சரக்குப் போக ஒம்பது நாளாவுது, அதனால டீலருங்க போறாங்க, அவ்வளவுதான் எழுதோணுமாம். அதைத்தான் மொதலாளி மொத நாளே சொன்னாரே. அதுக்கு எதுக்கு நாலு வெர்சன்? ஆனா ஒண்ணு சொல்றனுங்க, அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு ரோசனை பண்ணுனப்ப, காரணத்தை எழுதக்கூடாதுங்கற அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

ஏன்னு கேக்கறீங்களா? விசயம் இருக்குதுங்க. தோசை புதங்கெழமையும் சனிக்கெழமையும். அப்ப மாவு ஆட்டறது செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும். லாட்டு என்னைக்கு முடிஞ்சாலும் அந்த ரெண்டு நாள்லதான் டெஸ்டு. சனிக்கெழமை ஒரு லாட்டு முடிஞ்சா அது செவ்வாக்கெழமை வரைக்கும் தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்கும். ஆட்டுன ரெண்டையும் கழுவிக் காய வைக்க இன்னும் ஒரு நாள். ரெண்டும் காயற வரைக்கும் மிச்சம் இருவத்தெட்டும் கூடவே நிக்கும், லாட்டைப் பிரிக்கக் கூடாதில்லீங்க. இதை யாரும் உக்காந்து திட்டம் போட்டுப் பண்ணலை. நான் வேலைக்குச் சேந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. இதை அந்தக் கட்டத்துல எப்படிங்க எழுதறது? ஓட்டலுக்குப் போற கிரைண்டர் எங்க தோசைக்காக நிக்குதுன்னா?

அடுத்தது இலக்கு. ‘கூடிய சீக்கிரம்’னு எழுதுனேன். நம்பர் கேட்டுச்சு. எட்டரை நாள்னு போட்டேன். அம்மிணி சிரிக்கவே இல்லீங்க. அஞ்சு நாள், தீபாவளிக்கு முந்தின வாரம், தேதி இன்னதுன்னு அதே எழுதிக்கிச்சு.

அப்பறந்தான் எல்லைக் கட்டம் வந்துச்சு. எந்த எடத்துல இருந்து எந்த எடம் வரைக்கும் இந்தப் புராஜெக்ட் தொடும்னு எழுதற கட்டம். அதுக்குள்ள லைன்ல சேதி பரவிருச்சுங்க. ஒவ்வொருத்தனா எங்கிட்ட வர்றான். “அண்ணா, தோசை போயிருமா?” பெயின்டு செக்‌ஷன்ல இருந்து ஒரு கூட்டமே வந்து நின்னுச்சு. தெய்வானை முந்தானையில கையத் தொடைச்சுக்கிட்டே வந்து, “அண்ணா, ஆறு நாளும் உப்புமா போட்டா என்னைய அடிச்சே போடுவாங்க”ன்னுச்சு. நூத்தி நாப்பது பேரோட வயிறு என்ற கையில. எனக்காக நான் ஒண்ணும் பண்ணலீங்க. என்ற டெஸ்டிங் இருந்தா என்ன, போனா என்ன? அவங்களுக்காகத்தான் எழுதுனேன்.

என்ன எழுதுனேன்னா, ‘எல்லைக்குள்: ஆர்டர் வந்ததிலிருந்து அசெம்பிளி முடியும் வரை. மற்றும் பேக்கிங் முதல் லாரி ஏறும் வரை. எல்லைக்கு வெளியே: டெஸ்டிங்.’

அம்மிணி ஆர்டர்ல இருந்து லாரி வரைக்கும் ஒவ்வொண்ணாப் பேனாவுல தொட்டுக்கிட்டே வந்துது. “அண்ணா, நடுவுல ஒரு ஓட்டை இருக்குதே”ன்னுச்சு.

“அது தரம் சம்பந்தப்பட்டதுங்க அம்மிணி. தரத்துல கை வைக்கக் கூடாதுன்னு மொதலாளியோட அப்பா காலத்து உத்தரவு.”

அப்படி உத்தரவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்தச் சமயத்துல வாயில வந்துது. அம்மிணி தலையாட்டிட்டு வெர்சன் ஒம்பதுன்னு போட்டுக்கிச்சு. அடடா, ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். ஸ்டீபன்கூடத் தோள்ல தட்டிக் குடுத்தாப்டி. காப்பி ஆறுதுங்க, குடிங்க.

எங்க தப்பு நடந்துச்சுன்னா, நடந்து பாக்கறதுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பேப்பர்ல எழுதுனதை நம்ப மாட்டாங்களாம், சரக்கு போற வழியிலயே கால்ல நடந்து பாப்பாங்களாம். நான் என்ன பண்ணுனேன், புதங்கெழமை வரச் சொன்னேன். தோசை நாளு, நம்ம வீட்டு விருந்துக்கு வந்த ஒரம்பரை மாதிரிப் புள்ளை, வயிறாரத் தின்னுட்டு நடக்கட்டும்னு. அது பாசத்துல பண்ணுனதுங்க. நாலு தோசை தின்னுச்சு. சட்டினியத் தொட்டுக்கிட்டே, “அக்கா, மாவு எங்க வாங்கறீங்க? இந்தப் பதம் ஓசூர்ல கெடைக்கறதே இல்லை”ன்னு தெய்வானைகிட்டக் கேட்டுச்சு.

தெய்வானைக்குச் சந்தோசம் தாங்கலை. “வாங்கறதா? நம்ம அண்ணன் டெஸ்டு பண்ண மாவுங்க கண்ணு. நேத்து ஆட்டுனது. இனி வெள்ளிக்கெழமைதான் ஆட்டுவாரு, சனிக்கெழமைத் தோசைக்கு.”

அம்மிணி கையில தோசையோட சன்னல் பக்கம் திரும்புச்சு. கேன்டீன் சன்னல்ல பாத்தா எங்க செக்‌ஷன் தெரியும். தார்ப்பாய் போத்தி அறுவது கிரைண்டர் நின்னுது. “அதெல்லாம் எப்ப முடிஞ்சது?”ன்னு கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஸ்டீபன் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, “பாதி சனிக்கெழமை, பாதி திங்கக்கெழமை”ன்னு சொல்லிப்போட்டான். அவனுக்கு வாய் நிக்காதுங்க.

மொதலாளிகிட்ட நேராப் போயிச் சொல்லியிருக்கலாம் அது. சொல்லலை. எங்க செக்‌ஷனுக்கு வந்து, கவுத்து வெச்ச ஒரு டிரம்மு மேல உக்காந்துக்கிச்சு. “அண்ணா, மொத்தம் ஒம்பது நாள்ல நாலு நாள் இங்க நிக்குது. இதை விட்டுட்டு வேற எங்க கொறைச்சாலும் அரை நாள்கூடத் தேறாது. எழுதித்தான் ஆகணும்”னுச்சு. நான் தோசையச் சொன்னேன். நூத்தி நாப்பது பேரச் சொன்னேன். தெய்வானையச் சொன்னேன். எல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு, “இந்த டெஸ்டுல இதுவரைக்கும் ஃபெயில் ஆனது எத்தனை?”ன்னு கேட்டுச்சு.

நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன், “பத்தொம்பது வருசத்துல ஒண்ணு கூட இல்லை.”

அதுவரைக்கும் நான் தும்முனாக்கூட எழுதிக்கிட்டிருந்த புள்ளைங்க அது. அதை மட்டும் எழுதலை. பேனாவ மூடிப் பையில வெச்சிருச்சு. ஏன் எழுதாம விட்டுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. அத்தனை பெரிய விசயம்.

அப்பறம் ஏழு வெர்சன் எனக்கும் அதுக்கும் மல்லுக்கட்டுங்க. அது டெஸ்டிங்க உள்ள எழுதும், நான் வெளிய தள்ளுவேன். நான் வெளிய தள்ளுவேன், அது உள்ள இழுக்கும். சார்ட்டர் எழுதவே மூணு மாசம் ஆயிப்போச்சு. வேலை வீணா நிக்கறதைக் கொறைக்க வந்த பேப்பர் மூணு மாசமா நிக்குதேன்னு ஸ்டீபன் நக்கல் அடிப்பான். அதுக்குள்ள இன்னொரு டீலரும் போயிட்டாரு. பேனா மூடிச் சத்தம் லைன் வரைக்கும் கேட்டுது.

கையெழுத்துப் போடற நாள் வந்துச்சு. வெர்சன் பதினாறு, என்னோடது, டெஸ்டிங் வெளிய. மொதலாளி மேசை மேல வெச்சாங்க. படிச்சுக்கிட்டே வந்தாரு. எல்லைக் கட்டத்துல வெரலை வெச்சாரு. “டெஸ்டிங் ஏன் வெளிய?”

ஸ்டீபன் மேல ஃபேனைப் பாக்கறான். அம்மிணி என்னையப் பாக்குது. நான் பேப்பரைப் பாக்கறேன். அந்த நேரம் பாத்து டீ கொண்டாந்த தெய்வானை, தட்டைக் கீழ வெக்காமயே, “சார், நீங்க என்ன வேண்ணாலும் பண்ணிக்குங்க சார். அந்த ரெண்டு நாள் தோசைய மட்டும் நிறுத்திராதீங்க. எங்கிட்டக் கிரைண்டர் இல்லீங்க”ன்னு சொல்லிருச்சு.

மொதலாளிக்குப் புரியலை. “கிரைண்டர் இல்லையா? எங்க இல்லை?”

“கேன்டீன்லங்க.”

பேனா மூடிச் சத்தம் நின்னு போச்சு. மாசம் முந்நூறு கிரைண்டர் பண்ற கம்பெனி சார் இது. கேன்டீன்ல ஒரு கிரைண்டர் கெடையாது. முப்பது வருசமா யாருக்கும் தோணலை. தெய்வானைக்குத் தோணலை, மொதலாளிக்குத் தோணலை. எனக்கும் தோணலை. தினமும் கிரைண்டருக்கு நடுவுல நிக்கறவனுக்கு எப்படித் தோணும்?

மொதலாளி சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. “ஸ்டீபா, ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயிக் கேன்டீன்ல வைப்பா”ன்னாரு. அவ்வளவுதானுங்க. மூணு மாசத்துச் சண்டை அர நிமிசத்துல முடிஞ்சுது. ஆறு நாளும் தோசை வேண்ணாலும் போட்டுக்கலாம்னுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. வெளிய நின்னுக்கிட்டிருந்த பெயின்டு செக்‌ஷன்காரங்களும் தட்டுனாங்க. நானும் தட்டுனேன்.

தட்டி முடிச்சப்பறந்தான், “அப்ப டெஸ்டிங்?”னு கேட்டேன்.

மொதலாளி கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, “அதான் மிசின்ல பாத்துர்றமே குழந்தைவேலு”ன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு, கோவமில்லை. எங்கிட்ட வந்து தோசை தோசைன்னு நின்னானுங்களே, அத்தனை பேருல ஒருத்தனாச்சும், அண்ணன் தொட்டுப் பாக்கற மாவு மாதிரி வருமான்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். எல்லாரும் ஸ்டீபன் பின்னாடி கிரைண்டர் தூக்கப் போயிட்டாங்க.

அம்மிணி அங்கயே உக்காந்து பதினேழாவதை டைப் அடிச்சுப் பிரின்ட் எடுத்துச்சு. டெஸ்டிங் எல்லைக்குள்ள. எல்லாக் கட்டமும் முடிஞ்சுது, கடைசியா ஒண்ணு பாக்கி. ‘இந்த மாற்றத்தால் பாதிக்கப்படுபவர்கள்.’ பேப்பரை எங்கிட்டத் தள்ளி, மெதுவா, மொதலாளி காதுல விழாத மாதிரி, “அண்ணா, இதுல உங்க பேரை எழுதுங்க. எழுதுனாத்தான் உங்களுக்கு அடுத்த வேலை என்னன்னு கம்பெனி இதே பேப்பர்ல பதில் எழுதிக் கையெழுத்துப் போடணும். எழுதலைன்னா கேக்க வழியில்லாமப் போயிரும்”னுச்சு.

மொதலாளி பேனாவோட காத்துக்கிட்டிருக்காரு. தெய்வானை டீ தட்டோட நிக்குது. இத்தனை பேருக்கு முன்னாடி, பத்தொம்பது வருசம் தலையாட்டுனவன், நான் பாதிக்கப்பட்டவன்னு எழுதோணும். எழுதுவீங்களா நீங்க? ‘யாருமில்லை’ன்னு எழுதுனேன். லீடர்னு கையெழுத்தும் போட்டேன்.

அஞ்சு நாள் ஆயிப்போச்சுங்க சார், தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே. போன டீலருல ஒருத்தரு திரும்பி வந்துட்டாரு. புராஜெக்ட் ஜெயம்னு ஓசூர்ல, சென்னையில எல்லாம் படம் போட்டுக் காட்டறாங்களாம். உங்களாட்ட ஆளுங்க வாரத்துக்கு ரெண்டு பேரு வர்றாங்க. வர்றவங்களுக்கு வெளக்கிச் சொல்ல வெவரமான ஆள் வேணும்னு என்னைய இங்க போட்டிருக்காங்க. விசிட்டர் கோஆர்டினேட்டர்னு பேரு. மேசைக்குப் போர்டு அடிச்சுத் தர்றேன்னாங்க, இன்னும் வரலை. அந்த ரிஜிஸ்டர்ல உங்க பேரையும் வந்த நேரத்தையும் எழுதிருங்க, அதையும் நான்தான் பாத்துக்கறேன். பெரிய பொறுப்புத்தான். காலையில பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் பொழுது போகாது.

அதா, மொதலாளி வர்றாரு. எந்திரிங்க. போறதுக்கு முன்னாடி கிட்டப் போயி அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பாத்துருங்க சார். மத்த கட்டமெல்லாம் டைப் அடிச்சது, அது மட்டும் பேனா எழுத்து. ‘யாருமில்லை’ல மொத எழுத்து கோணலா இழுத்துக்கிட்டுப் போயிருக்குது பாருங்க. நான் மொத எழுத்துப் போடறப்பவே அந்த அம்மிணி, மேல எழுத விடாமக் கட்டத்து மேல உள்ளங்கைய வெச்சு மறைச்சுக்கிச்சு. கைய எடுங்க அம்மிணின்னு நான்தான் சொன்னேன்.